கை ஆறும்வரை காத்திருக்க வேண்டாம்

சிங்கப்பூர்க் கப்பல் பட்டறையில் அண்ணனுக்குக் கையில் அடிபட்டு எட்டு மாதமாகிறது, "கை ஆறட்டும், பிறகு பார்க்கலாம்" என்று நிறுவனம் சொல்கிறது, காத்திருக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். காத்திருக்க வேண்டாம். வேலையிடக் காய இழப்பீட்டுச் சட்டப்படி, விபத்து நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் இழப்பீடு கோர வேண்டும். கை ஆறிய நாளிலிருந்து கெடு எண்ணப்படுவதில்லை.

இதே "ஆறட்டும்" என்ற சொல்லை நம்பித்தான் நான் பத்து மாதத்தை இழந்தேன். 2021இல் சிங்கப்பூரின் துவாஸ் பகுதியில், ஒரு கப்பலின் தொட்டிக்குள் சாரத்தில் நின்று பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தபோது பலகை நழுவி விழுந்ததில் என் இடது மணிக்கட்டு முறிந்தது. நிறுவனம் அழைத்துப்போன கிளினிக்கில் இரண்டு நாள் மட்டும் எம்சி (மருத்துவ விடுப்பு) கொடுத்துவிட்டு, அதன்பின் லைட் டியூட்டி, அதாவது இலகுவான வேலை, என்று எழுதினார்கள். மாவுக்கட்டுப் போட்ட கையோடு ஸ்டோரில் உட்கார்ந்து கையுறைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். எக்ஸ்ரேயைப் பார்த்த பிறகும் அப்படி எழுதிய அந்த மருத்துவர்மேல் எனக்கு இன்றும் ஆறாத வருத்தம் உண்டு. 2020 செப்டம்பரில் நடப்புக்கு வந்த இச்சட்டத்தின் புதிய வடிவப்படி, லைட் டியூட்டி கொடுத்தாலும் முதலாளி மனிதவள அமைச்சுக்குத் தெரிவித்தாக வேண்டும் என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

தொழிலாளர் தங்கும் டார்மிட்டரியில் ஒரு நாள், தண்ணீர் போத்தல் மூடியைத் திருக முடியாமல் பல்லால் கடித்துக்கொண்டிருந்ததைப் பார்த்த பக்கத்துக் கட்டில் அண்ணன், "என்றைக்கு அடிபட்டது தம்பி, தேதியைச் சொல்" என்றார். மருத்துவமனைச் சீட்டை எடுத்து எண்ணினோம். ஓராண்டுக் கெடுவுக்கு 53 நாள் மீதி இருந்தது. மறுநாளே மனிதவள அமைச்சில் நானாகவே இழப்பீட்டுக் கோரிக்கையைப் பதிந்தேன்.

சோறு போட்ட நிறுவனத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டான் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் இந்தச் சட்டத்தில் யார் தவறு என்று நிரூபிக்கவே தேவையில்லை. வேலையால் காயம்பட்டது என்பதே போதும். முதலாளியின் கவனக்குறைவைக் காட்டி நீதிமன்றத்தில் வழக்குத் தொடுப்பது வேறு வழி, அதற்கு மூன்றாண்டுக் கெடு உண்டு, ஆனால் இரண்டில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். அந்த மூன்றாண்டைக் கேள்விப்பட்டு இந்த ஓராண்டைக் கோட்டைவிட்டவர்களை நான் அறிவேன்.

நான் வழக்கறிஞன் அல்லன். உங்கள் அண்ணன் பட்டறைத் தொழிலாளி என்று கொண்டே இதை எழுதுகிறேன். கப்பலில் செல்லும் மாலுமி என்றால், அவருடைய ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்தைச் சொல்கிறது என்பதை முதலில் பார்க்க வேண்டும். வேலை பெர்மிட்டை ரத்து செய்துவிடுவார்கள் என்று அவர் அஞ்சினால், பெர்மிட் போனாலும் இழப்பீடு கோரும் உரிமை போகாது என்று சொல்லுங்கள். கிளினிக் சீட்டு, எக்ஸ்ரே, மேற்பார்வையாளர் அனுப்பிய வாட்ஸ்அப் செய்திகள் எதையும் அழிக்க வேண்டாம். விபத்துத் தேதியை இன்றிரவே அவரிடம் கேட்டு எழுதி வையுங்கள்.