கோடைக் கடைசியில் காயும் கனியும்: வாசகர் கேள்வி-பதில்

தள்ளுவண்டியில் வாங்கிய பங்கனப்பள்ளி தோல் முழுக்க மஞ்சளாக இருந்தது. அறுத்தால் உள்ளே வெளுத்து, ஒரே புளிப்பு. கல் வைத்துப் பழுக்க வைத்ததா? தண்ணீரில் போட்டால் தெரிந்துவிடும் என்கிறார்களே?
– வாசகி, பெரம்பூர்

தண்ணீரில் மிதக்கும் மாம்பழம் பெரும்பாலும் முற்றுவதற்கு முன்பே பறிக்கப்பட்டதாக இருக்கும். அந்தச் சோதனை அதைத்தான் காட்டுமே தவிர, கல் வைத்ததை நிரூபிக்காது. கார்பைடு கல்லில் ஆர்சனிக், பாஸ்பரஸ் கலப்பு இருக்கக்கூடும் என்பதால், அதைக் கொண்டு பழுக்க வைத்த பழங்களை விற்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டுள்ளது. ஆனால் எத்திலீன் வாயுவை 100 பிபிஎம் (பத்து லட்சம் பங்கில் நூறு பங்கு) அளவு வரை பயன்படுத்த அனுமதி உண்டு. ஆகவே பழுக்க வைத்த பழமெல்லாம் நஞ்சு என்று பயப்பட வேண்டாம். காம்பருகே முகர்ந்து பாருங்கள். மணம் இல்லாத பழத்தை நிறத்துக்காக வாங்காதீர்கள். ஆனி பிறந்த பிறகு பங்கனப்பள்ளியைத் தேடி அலைவதைவிட, நீலமும் ருமானியும் கேட்டு வாங்குவது நல்லது. இரண்டும் பருவத்தின் கடைசியில் வருபவை, விலையும் கைக்கு அடக்கமாக இருக்கும். மெல்லிய தோலும் நிறையச் சாறும் கொண்ட உருண்டை ருமானியை ஒருமுறை சாப்பிட்டவர்கள் அடுத்த ஆண்டும் அதற்காகக் காத்திருப்பார்கள்.

உரித்து உறையில் போட்டு வைத்திருந்த நுங்கை வாங்கினேன். பாதிக்கு மேல் முற்றல்.
– வாசகர், ராயபுரம்

கண்முன்னே சீவித் தரும் நுங்கை மட்டும் வாங்குங்கள்.

நீலம் மாம்பழத்தை அறுத்தபோது கொட்டைக்குள் வண்டு இருந்தது. கடைக்காரர் தெரிந்தேதான் தலையில் கட்டியிருக்கிறார். எங்கே புகார் செய்வது?
– வாசகர், எம்.கே.பி. நகர்

புகார் வேண்டாம், அவருக்கும் தெரிந்திருக்க வழியில்லை. பிஞ்சாக இருக்கும்போதே தாய் வண்டு முட்டையிட்டு, புழு கொட்டைக்குள் போய்விடுகிறது. காய் பெருக்கும்போது அந்தத் துளை மூடிவிடுவதால் வெளியே அடையாளம் இருப்பதில்லை. சதை கெடாமல் இருந்தால் அதைச் சாப்பிடலாம்.

எங்கள் தெரு முனைக் கடையில் ஒரு கிலோ என்று வாங்கும் கத்தரிக்காய் வீட்டுத் தராசில் 850 கிராம்தான் வருகிறது. கேட்டால், "உங்க வீட்டுத் தராசைப் போய்ப் பாருங்க" என்று எல்லார் முன்னிலையிலும் சத்தம் போடுகிறார்.
– வாசகி, கொருக்குப்பேட்டை

உங்கள் மீது எந்தத் தவறும் இல்லை. நியாயமான கேள்வியைக் கேட்டதற்காக நீங்கள் கூசிப் போகவும் வேண்டியதில்லை. இந்த எடை விவகாரத்தில் நான் பல காலமாக மனம் வெந்திருக்கிறேன், ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறேன். 2009-ஆம் ஆண்டு சட்டமுறை எடையளவுச் சட்டத்தின் கீழ், வியாபாரத்தில் பயன்படும் மின்னணுத் தராசை ஆண்டுக்கு ஒருமுறை சரிபார்த்து முத்திரையிட்டுக்கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் இதைக் கவனிப்பது தொழிலாளர் துறை. எழுத்து மூலம் அங்கே புகார் கொடுக்கலாம். அதற்கு முன்பு, பிரிக்காத ஒரு கிலோ உப்புப் பொட்டலத்தை அந்தத் தராசில் வைக்கச் சொல்லுங்கள். உறையின் எடையும் சேர்ந்து ஒரு கிலோவுக்குச் சில கிராம் கூடுதலாகக் காட்டினால் தராசு சரி. குறை வேறெங்கோ இருக்கிறது. பெரும்பாலும் அது தட்டில்தான் இருக்கும். காயை அள்ளிப் போடும் பிளாஸ்டிக் கூடையை வைத்தவுடன் எண் பூஜ்யத்துக்குத் திரும்ப வேண்டும். அப்படித் திரும்பாமலே அதில் காயைக் கொட்டினால், கூடைக்கும் சேர்த்துக் கத்தரிக்காய் விலையை நீங்கள் கொடுக்கிறீர்கள். எண் தெரியும் பக்கத்தைத் தன் பக்கம் திருப்பி வைத்திருக்கும் கடையில், திருப்பி வைக்கச் சொல்லிவிட்டு நிறுக்கச் சொல்லுங்கள். மாம்பழப் பெட்டியிலும் இதே கதைதான். அட்டைப் பெட்டியோடு நிறுத்துக் கொடுத்த பழத்தை நான் ஒருமுறை வீட்டில் பிரித்து நிறுத்தபோது, பெட்டியும் வைக்கோலும் மட்டுமே அரைக் கிலோவைத் தாண்டின; பழத்தின் விலையில் அட்டையையும் வைக்கோலையும் வாங்கி வந்திருந்தேன். ஒருவருக்கு 150 கிராம் என்பது சின்னக் கணக்காகத் தெரியலாம். அதே தராசில் நாள் முழுக்க வாங்கிப் போகும் கூலி வேலைக்காரர்களை நினைத்துப் பார்த்தால், அதைச் சின்னக் கணக்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"தோட்டத்து இமாம்பசந்த்" என்று வாட்ஸ்அப்பில் வந்த எண்ணுக்கு ஜிபேயில் 1,200 ரூபாய் அனுப்பினேன். இப்போது போன் அணைந்திருக்கிறது. சென்ற ஆண்டும் இப்படித்தான் ஏமாந்தேன்…
– வாசகர், வியாசர்பாடி

உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணில் புகாரைப் பதியுங்கள். தாமதமாகும் ஒவ்வொரு மணியிலும் பணம் கைமாறிக்கொண்டே போகும். ஆனால் சென்ற ஆண்டு பட்ட பிறகும், பெயர் தெரியாத, கடை தெரியாத ஒருவருக்குப் பழத்தைக் கண்ணால் காணாமல் முழுப் பணத்தையும் அனுப்பியதற்கு என்னிடம் ஆறுதல் வார்த்தை இல்லை.

ஆடிப்பட்டத்துக்காக இணையத்தில் வெண்டை விதை வாங்கினேன். இருபதில் மூன்றுதான் முளைத்தது. "மண் சரியில்லை" என்று கையை விரிக்கிறார்கள்.
– வாசகி, திருவொற்றியூர்

மண்ணும் காரணமாக இருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் ஒரு நாற்றுப் பண்ணையில் வாங்கிய தேங்காய் நார்க்கழிவுக் கட்டி கழுவாத உப்புச் சரக்காக இருந்ததால், அதில் நட்ட தக்காளி நாற்றுகள் இலை நுனி கருகி வீணாயின. எனவே, மீதி விதையில் பத்தை எடுத்து ஈரத்துணியில் சுற்றி வைத்து, ஒரு வாரத்தில் எத்தனை முளைக்கின்றன என்று படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். வெண்டைக்குக் குறைந்தபட்ச முளைப்புத்திறன் 65 சதவீதம் என்பது அரசின் விதைத்தரம். துணியிலும் முளைக்கவில்லை என்றால் குற்றம் விதையில்தான். பொட்டலத்தில் முளைப்புத்திறன், பரிசோதித்த நாள், காலாவதி நாள் ஆகியவை அச்சிடப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். பூவும் காயும் மட்டும் அச்சிட்ட பொட்டலத்தை இனி வாங்காதீர்கள். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, விற்பனைத் தளத்தின் குறைதீர் அலுவலர் உங்கள் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். விதைப் பணம் சொற்பமாக இருக்கலாம். போனது ஒரு பட்டம், அதை உங்களுக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

மாடித் தோட்டத்தில் கொத்தவரையும் மணத்தக்காளியும் சாப்பிட்டு மாளவில்லை. காய் உலர்த்தும் மின் கருவி வாங்கலாமா? 6,000 ரூபாய் சொல்கிறார்கள்.
– வாசகர், மாதவரம்

வேண்டாம். மொட்டை மாடி வைத்திருப்பவருக்கு அந்தக் கருவி தேவையே இல்லை. கொத்தவரையை உப்புப் போட்டு அரை வேக்காடு வேகவைத்து வடித்து, வெயிலில் பரப்பி, கையால் ஒடித்தால் நொறுங்கும் வரை காயவையுங்கள். மணத்தக்காளியை உப்புக் கலந்த மோரில் ஊறவைத்துப் பகலில் காயவைத்து, மாலையில் மீண்டும் அதே மோரில் போட்டு, மோர் வற்றியதும் நன்றாகக் காய்ந்த பிறகு டப்பாவில் அடையுங்கள். ஆடியில் திடீர் மழை வரும் என்பதால், வானம் இருட்டினால் எடுத்து உள்ளே வைக்க வீட்டில் ஓர் ஆள் இருக்கும் நாளாகப் பார்த்துத் தொடங்குங்கள்.