மறு: பிச்சாவரம் சேற்றுக்குள் செங்குத்தாகப் பழுப்புக் கோடுகள், குழாய் பழுதா?

பிச்சாவரம் அலையாத்திக் காட்டுச் சேற்றில் குழாயை இறக்கி எடுத்த மாதிரியில் பழுப்புக் கோடுகளும் கலங்கிய அடுக்குகளும் தெரிகின்றன, குழாய் பழுதா என்று கேட்டிருந்தீர்கள். குழாயில் பழுதில்லை. கறுப்புச் சேற்றில் 15 செ.மீ. வரை இறங்கும் அந்தக் கோடுகள் பெரும்பாலும் ஃபிட்லர் நண்டு (சேற்றில் வளை தோண்டி வாழும் சிறு நண்டு) வளைகளின் சுவர்கள்.

இந்த வகைச் சேற்றில் மேலே சில மில்லிமீட்டர் தாண்டினால் ஆக்சிஜன் கிடையாது. இரும்பு அங்கே கந்தகத்தோடு சேர்ந்து சல்பைடாகக் கிடப்பதால்தான் அந்தக் கறுப்பு. நண்டு வளை தோண்டியதும் காற்றும் ஓதத் தண்ணீரும் உள்ளே போய்வர, சுவரை ஒட்டிய இரும்பு துருப்பிடிக்கிறது. நீங்கள் பார்ப்பது துருவின் நிறம்.

அடுக்குகள் கலங்கித் தெரிவதற்கும் அதே நண்டுதான் காரணம். தோண்டிய சேற்றை உருண்டை பிடித்து வெளியே போட்டுவிடும். கைவிட்ட வளைக்குள் புதுச் சேறு வந்து அடையும். பழசு மேலே, புதுசு கீழே! அந்த 15 செ.மீ.க்குள் ஆண்டுவாரியாக அடுக்கு எண்ணும் ஆசையை விட்டுவிடுங்கள்.

சோதிக்க, அடுத்த மாதிரியை நெடுக்காக அறுத்து அங்கேயே படம் எடுங்கள். வீட்டுக்குக் கொண்டுவந்து அறுக்கலாம் என்றால், காற்றுப் பட்ட இடமெல்லாம் பழுப்பாகி எல்லாம் ஒன்றுபோலத் தெரியும். கோட்டின் நடுவே விரல் பருமனில் ஓட்டையோ இளகிய சேறோ இருந்தால் நண்டு வளைதான்.

நடுவில் நார் தட்டுப்பட்டால் மட்டும் கதை வேறு. வெண்கண்டல் என்ற அலையாத்தி மரத்தின் வேரும் ஆக்சிஜனைக் கசியவிட்டுத் தன்னைச் சுற்றி இதே துருவளையத்தைப் போடும். சேற்றுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் அதன் மூச்சுவேர்களுக்குப் பக்கத்தில் எடுத்திருந்தால் இரண்டும் கலந்தே வரும்.