மூட்டைக் காச விட்டுட்டா பொண்ணு ஃபீஸுக்கு என்ன பண்றது?

மன்னார்குடி பக்கத்துலேருந்து ஒரு சகோதரி கேட்டிருக்காங்க. வீட்டுக்காரர் நெல் கொள்முதல் நிலையத்துல சீசன் வேலை, விவசாயிகிட்ட மூட்டைக்கு இவ்வளவுன்னு வாங்குற காசுல இவருக்கும் பங்கு வருது, ஞானஸ்நானம் எடுத்ததுலேருந்து இனிமே அத தொடமாட்டேங்கிறாரு, ஆனா பொண்ணு காலேஜ் ஃபீஸ் அதுலதான் ஓடுது. இதுல ஒரு ஊழியக்காரர் வேற, சங்கிலிய அடகு வச்சு விதைக் காணிக்கை போடுங்க, நூறத்தனையா திரும்ப வரும்னு சொல்றாராம். எது தியாகம் ஐயான்னு கேக்குறாங்க.

அம்மா, வீட்டுக்காரர் சொல்றதுதான் சரி, தடுக்காதீங்க. லூக்கா 3ம் அதிகாரத்துல ஞானஸ்நானம் எடுக்க வந்த ஆயக்காரங்க, அதாவது வரி வசூல் பண்றவங்க, இதே கேள்வியத்தான் கேட்டாங்க, ஞானஸ்நானம் குடுத்த யோவான் வேலைய விடுன்னு சொல்லல, கட்டளையிட்டதுக்கு மேல வாங்காதன்னுதான் சொன்னாரு. அதனால வேலைய விடணுமோன்னு பயப்படாதீங்க, பங்க மட்டும் விடட்டும். மோசே அரண்மனைய விட்டதும் இதே கணக்குதான், எபிரெயர் 11 அந்த சுகத்த அநித்தியமானதுன்னு சொல்லுது.

கஷ்டம் வரும், இல்லன்னு சொல்லமாட்டேன். வருஷத்துல சில மாசந்தான் வேலை, சம்பளமும் சொற்பம், ஈரப்பதம் 17 சதவீதத்த தாண்டுச்சுன்னா நெல்ல திருப்பி அனுப்பலாம்னு கையில ஒரு அதிகாரம், வெளிய மழையில தார்ப்பாய போட்டுகிட்டு விவசாயி காத்துக்கெடக்குறான், இப்படி ஒரு ஏற்பாட்ட வச்சுகிட்டு லஞ்சம் வாங்காதன்னு சுவத்துல எழுதிட்டா ஆச்சா, எத்தன வருஷமா கத்துறோம்.

சரி, அந்த ஊழியக்காரர் விஷயத்துக்கு வரேன், எனக்கு வயிறு எரியுறது அங்கதான். விதைன்னா என்னன்னு நம்ம டெல்டாக்காரனுக்கு ஒருத்தன் சொல்லித்தரணுமா? கடன் வாங்கி அடுத்தவன் வயல்ல தூவிட்டு வர்றதுக்கு பேரு விதைப்பா? மூட்டைக் காசுல தசமபாகம், அதாவது பத்துல ஒரு பங்கு, குடுத்தா மீதி சுத்தமாயிடும்னு சொல்றவங்களும் இருக்காங்க, உபாகமம் 23:18ல வேசித்தனத்துல வந்த கூலிய பொருத்தனைக்குன்னு, அதாவது நேர்ந்துகிட்டதுக்குன்னு கூட ஆலயத்துக்குள்ள கொண்டுவராதன்னு இருக்கு, அத மட்டும் எந்த மேடையிலயும் வாசிக்க மாட்டாங்க.

ஒண்ணே ஒண்ணுல மட்டும் நீங்க விட்டுக்குடுக்க வேணாம். அவரு விடுறது அவரோட சுகமா இருக்கணும், அடுத்தவங்க பங்கா இருக்கக்கூடாது. மாற்கு 7ல பெத்தவங்களுக்கு செய்யவேண்டியத கொர்பான், அதாவது காணிக்கைன்னு சொல்லி தப்பிச்சவங்கள இயேசு கண்டிச்சாரே. மாமியாரோட சுகர் மாத்திர காசு, பொண்ணு பஸ் காசு, உங்க கழுத்துல கெடக்குற சங்கிலி இதெல்லாம் அவரு தியாகம் பண்ற பொருள் இல்ல, அவரு பண்ணவேண்டிய கடமை, ஆர்வத்துல இதுல கை வச்சார்னா நீங்க தைரியமா மறுக்கலாம்.

ஃபீஸுக்கு காலேஜ் ஆபீஸ்லயே நேர்ல போய் தவணை கேளுங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம் வாங்குங்க, நான் முடிச்சுத்தரேன்னு கமிஷன் கேக்குற ஆள் யாரும் நடுவுல வேணாம். அந்த ஊழியக்காரரோட ஜீபே நம்பர இன்னிக்கே போன்லேருந்து எடுத்துடுங்க.