பழைய படகு வாங்கும்முன் எஞ்சினைப் பார்ப்பது எப்படி? – கேள்வி பதில்

பழைய படகு வாங்க நினைக்கும் சிலர் எஞ்சின் பற்றிக் கேட்டவற்றுக்கு, அவுட்போர்டும் (படகின் பின்புறம் வெளியே மாட்டும் எஞ்சின்) டீசல் எஞ்சினும் பிரித்து மாட்டுவதே தொழிலாக இருப்பவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

கேள்வி (வேதாரண்யம்): அண்ணே, ஃபைபர் படகோடு 9.9 குதிரைத்திறன் அவுட்போர்ட் விலைக்கு வருகிறது. போனதும் முதலில் எதைப் பார்க்க?

மேல்மூடியைக் கழற்றி சிலிண்டர் ஹெட்டில் கையை வையுங்கள் தம்பி. சூடாக இருந்தால் உங்களுக்காக முன்கூட்டியே ஓட்டி வைத்திருக்கிறார்கள். சூடேறிய எஞ்சின் பல குறைகளை மறைத்துவிடும். மறுநாள் காலையில் வருவதாகச் சொல்லிவிட்டு, ஆறிக் கிடக்கும்போது ஸ்டார்ட் கயிற்றை எத்தனை இழுப்பு இழுத்தால் பிடிக்கிறது என்று பாருங்கள். ஹெட்டில் பெயின்ட் கருகியோ கொப்பளித்தோ இருந்தால், குளிர்விக்கும் தண்ணீர் ஓடாமல் ஒரு தடவையாவது கொதித்த எஞ்சின் அது.

கேள்வி (தூத்துக்குடி): கம்ப்ரஷன் எவ்வளவு இருந்தால் நல்ல எஞ்சின்?

கம்ப்ரஷன் என்பது சிலிண்டருக்குள் பிஸ்டன் அழுத்தும் காற்றின் அழுத்தம். அது மாடலுக்கு மாடல் மாறும், அளக்கும் கேஜுக்குக் கேஜும் மாறும். அதனால் நான் அளவைவிட வித்தியாசத்தைத்தான் பார்ப்பேன். பிளக் எல்லாவற்றையும் கழற்றி, ஸ்பார்க் வராதபடி கில் சுவிட்சைப் பிடுங்கி, பிளக் துளையில் கேஜை மாட்டி, த்ராட்டிலை முழுக்கத் திறந்து, கயிற்றை ஐந்தாறு தடவை இழுங்கள். ஒரு சிலிண்டர் 110 psi, இன்னொன்று 105 என்றால் கவலையில்லை. 110-ம் 85-ம் என்றால் ஏதோ கெட்டிருக்கிறது. குறைந்த சிலிண்டரில் ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி பாருங்கள். ஏறினால் பிஸ்டன் ரிங்கோ, சிலிண்டரின் உட்சுவரான போரோ தேய்மானம். ஏறாவிட்டால் ஹெட் கேஸ்கட், ஃபோர் ஸ்ட்ரோக்காக இருந்தால் வால்வையும் சந்தேகப்பட வேண்டும்.

கழற்றிய பிளக்கை அப்படியே வைத்துவிடாதீர்கள். ஒன்று பழுப்பாகவும் இன்னொன்று கழுவி வைத்ததுபோல் பளிச்சென்றும் இருந்தால், அந்தச் சிலிண்டருக்குள் தண்ணீர் போகிறது.

கேள்வி (இராமேஸ்வரம்): டெல்டேல் தண்ணீர் (எஞ்சினைக் குளிர்வித்துவிட்டு வெளியே பீச்சும் தண்ணீர்) மெல்லிசாக வருகிறது. வேண்டாம் என்று விட்டுவிடலாமா?

அவசரப்படாதீர்கள். உப்பு அடைத்திருக்கலாம், மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அப்படியும் வராவிட்டால் அநேகமாகத் தண்ணீரை இழுத்துத் தள்ளும் பம்பின் இம்பெல்லர். அது தேயக்கூடிய ரப்பர், மாற்றிவிடலாம். ஆனால் அந்த நிலையிலேயே எவ்வளவு நாள் ஓட்டினார்கள் என்பதுதான் முக்கியம். கம்ப்ரஷன் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி (கடலூர்): கியர் ஆயிலில் என்ன பார்க்க வேண்டும்?

கியர் பெட்டியின் கீழ்த் திருகை லேசாகத் தளர்த்துங்கள். தண்ணீர் அடியில் தங்கும் என்பதால் அதுதான் முதலில் சொட்டும். ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் சீல் போயிருக்கிறது. நம் கடலில் பெரும்பாலும் இதற்குக் காரணம் தங்கூசி, அதாவது நைலான் தூண்டில் நரம்பு. புரொப்பல்லரைக் கழற்றினால், தண்டில் சுற்றி இறுகி சீலை அறுத்திருப்பது கண்ணுக்கே தெரியும். சீல் மட்டும் என்றால் சின்னச் செலவு. திருகு முனைக் காந்தத்தில் மாவுபோல ஒட்டியிருப்பது வழக்கமான தேய்மானம். செதில் செதிலாக இரும்பு இருந்தால் பல்சக்கரம் போகிறது என்று அர்த்தம், வாங்காதீர்கள்.

கேள்வி (வேதாரண்யம், மறுபடியும்): டிரம் தண்ணீரில் ஓட்டிக் காட்டுகிறார்கள். அது போதுமா?

போதாது. டிரம்மில் ஸ்டார்ட்டிங், ஐட்லிங், தண்ணீர் ஓட்டம் இவ்வளவுதான் தெரியும். பாரம் இழுக்கும்போதுதான் எஞ்சினின் உண்மை நிலை தெரியும். நீங்கள் ஏற்றும் அளவு ஆளும் சுமையும் ஏற்றி, கால் மணி நேரம் முழு வேகத்தில் போங்கள். தொடக்கத்தில் சீறிப் போய், பிறகு மெல்ல வேகம் குறைந்தால் எரிபொருள் ஓட்டத்திலோ சூட்டிலோ சிக்கல் இருக்கிறது.

கேள்வி (நாகப்பட்டினம்): மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகு பேசி வருகிறோம். கடலில் ஓட்ட முடியாதே?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை உள்ள தடையில் இதுதான் பெரிய தொல்லை. படகு தண்ணீரில் இருந்தால், இறுக்கிக் கட்டி, கியர் போட்டு ஓட்டுங்கள். சூடேறிய பிறகும் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது. கரும்புகை நின்றபாடில்லை என்றால் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டரையும் காற்று வழியையும் பார்க்க வேண்டும். வெள்ளைப் புகை அடங்காவிட்டால் உள்ளே தண்ணீர் போகிறதா என்று தேடுங்கள். ஓடும்போதே ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள், புகை குபுகுபுவென்று வந்தால் ரிங் போயிற்று. இத்தனையும் தேறினாலும் முன்பணம் மட்டும் கொடுங்கள். தடை முடிந்து, கடலில் ஓட்டிப் பார்த்தபின் மீதி என்று எழுதி வாங்குங்கள்.

கேள்வி (குளச்சல்): பதிவுச் சான்றில் ஒரு எண், எஞ்சினில் வேறு எண். பரவாயில்லையா?

எஞ்சின் மாற்றியிருக்கலாம், அதில் தப்பில்லை. ஆனால் விற்பவர் பெயரிலேயே மீன்வளத்துறையில் திருத்தி வாங்கித் தரச் சொல்லுங்கள். எண்ணைச் சுரண்டியிருந்தால் பேச்சையே நிறுத்திவிடுங்கள்.