குழு லோன் கம்பெனிக்குப் பணம் யார் தருகிறார்கள்?

கேள்வி: துவாஸ் விடுதியில் தங்கி, கப்பல் பட்டறையில் வேலை செய்கிறேன். பெரம்பலூர் பக்கம் ஊரில் இருக்கும் என் மனைவி குழு லோன் வாங்கியிருக்கிறாள். அந்தக் கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்தெல்லாம் பணம் வருகிறதாமே, எப்படி? அங்கே வேலை பார்ப்பதாகச் சொல்லும் ஒருவர், "நீங்களும் போடுங்க, மாசம் ரெண்டு வட்டி" என்கிறார். போடலாமா?

பதில்: போடாதீர்கள். ரிசர்வ் வங்கியில் நுண்கடன் நிறுவனமாகப் பதிவு செய்த நிதி கம்பெனிகள் பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. கேட்பவர் ரசீதே நீட்டினாலும் சரி. இன்னொன்று, மாதம் இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். உங்கள் மனைவியின் கடன் அட்டையில் வருட வட்டி போட்டிருப்பார்கள், பாருங்கள். பெரும்பாலும் அதுவே அந்தச் சுற்றில்தான் இருக்கும். வசூலிக்கிற வட்டியை அப்படியே உங்களுக்குக் கொடுத்துவிட்டு ஆட்களுக்குச் சம்பளம் எதில் கொடுப்பார்கள்?

டெபாசிட் வாங்க முடியாததால்தான் வெளிப்பணம் தேடுகிறார்கள். அதில் பெரும்பகுதி வெளிநாட்டிலிருந்து வருவதில்லை, இந்திய வங்கிகளிடமிருந்துதான். வங்கிகள் தங்கள் கடனில் 40 சதவீதத்தை விவசாயம், சிறுதொழில் போன்ற முன்னுரிமைத் துறைகளுக்குத் தர வேண்டும். வீடு வீடாகப் போய்ச் சின்னச் சின்னக் கடன் கொடுக்க அவர்களிடம் ஆள் ஏது? இந்தக் கம்பெனிகளுக்கு மொத்தமாகக் கொடுத்தால் உரிய நிபந்தனைகளோடு அதுவும் கணக்கில் சேரும்.

அப்புறம், உலக வங்கிக் குழுமத்தின் ஐஎஃப்சி, ஐரோப்பிய நிதியங்கள். நம் சிங்கப்பூரும் இதில் உண்டு. 2017-இல் இங்குள்ள ஐஐஎக்ஸ் நிறுவனம் 80 லட்சம் அமெரிக்க டாலருக்குப் பெண்கள் வாழ்வாதாரக் கடன்பத்திரம் வெளியிட்டு, சிங்கப்பூர் பங்குச் சந்தையிலும் பட்டியலிட்டது. பணம் போனது கம்போடியா, பிலிப்பீன்ஸ், வியட்நாம் பக்கம். அசலில் பாதிக்கு அமெரிக்க அரசின் உதவி அமைப்பு உத்தரவாதம் கொடுத்திருந்தது. முதலீட்டாளர் துணிந்து இறங்கியதில் அதற்குப் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன்.

ஷென்டன் வேயில் வங்கியின் கடன் பிரிவில் இருந்தபோது இப்படிப்பட்ட கோப்புகள் என் மேசைக்கும் வரும். அட்டையில் ஆட்டுக்குட்டியோடு சிரிக்கும் அம்மா படம் கட்டாயம் இருக்கும். அதைப் புரட்டிவிட்டு நான் தேடுவது ஒரே வரி: தவணை 30 நாளுக்கு மேல் தள்ளிப்போன கடன் எத்தனை சதவீதம்? அது குறைவாக இருந்தால்தான் மேற்கொண்டு பேச்சு. பிறகு நேரில் ஆள் போவார். காலையில் குழுக் கூட்டத்தில் உட்கார்ந்து, ஏதோ ஒரு பெண்ணின் அட்டையை வாங்கி, அதிலுள்ள பாக்கியைக் கம்பெனியின் கணினிக் கணக்கோடு ஒப்பிடுவார். அங்கே நூறு ரூபாய் இடித்தாலும் கோப்பு திரும்பிவிடும்.

டாலர் கடன் சும்மா வருவதில்லை. வசூல் ரூபாயில், திருப்புவது டாலரில். ரூபாய் சரிந்தால் அடி கம்பெனிக்கு. அதைத் தடுக்கும் காப்புக்குத் தனிச் செலவு.

வெளிப்பணம் ஓடிப்போகவும் நேரமாகாது. 2010 ஆகஸ்டில் ஹைதராபாத்தின் எஸ்கேஎஸ் என்ற குழு லோன் கம்பெனி பங்குச் சந்தையில் கோலாகலமாக இறங்கியது. அக்டோபரில் ஆந்திர அரசு வசூலுக்குக் கடிவாளம் போட்டு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. அங்கே தவணை வருவது படுத்துவிட, வங்கிகள் மற்ற மாநிலத்துக் கம்பெனிகளுக்கும் பணத்தை இறுக்கின.

உங்களிடம் பணம் கேட்டவர் விடுதியில் இன்னும் நாலு பேரிடம் கேட்டிருப்பார், விசாரியுங்கள். ரிசர்வ் வங்கியின் 'சசேத்' இணையதளத்தில் புகார் கொடுக்கலாம், துவாஸிலிருந்தே, கைப்பேசியிலேயே.