த்ரீ ஃபேஸுக்கு மாறும்போது நியூட்ரல் ஒயர் என்ன அளவு?

கேள்வி: கீழ்வீடு மட்டும் இருந்தவரை சிங்கிள் ஃபேஸ் போதுமாக இருந்தது. இப்போது மாடி கட்டி, மூன்று ஏசி, இரண்டு கீசர் என்று ஆகிவிட்டதால் த்ரீ ஃபேஸுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். மீட்டரிலிருந்து டிபி பாக்ஸ் (வீட்டு சர்க்யூட்டுகள் பிரியும் பெட்டி) வரை ஃபேஸுக்கு 10 ஸ்கொயர் எம்எம் செம்பு ஒயர், நியூட்ரலுக்கு 6 போதும், மெயினில் 40 ஆம்பியர் எம்சிபி (கரண்ட் அளவு மிஞ்சினால் தானே விழும் சுவிட்ச்) என்கிறார் எலக்ட்ரீஷியன். யூடியூபில் ஓர் அமெரிக்கரும் நியூட்ரலைச் சின்னதாகத்தான் போடுகிறார். என் மைத்துனரோ, இன்வெர்ட்டர் ஏசியும் எல்இடியும் வந்த பிறகு நியூட்ரல் இரண்டு மடங்கு இருக்க வேண்டும் என்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூவர் சொல்வதும் உங்கள் வீட்டுக்குப் பொருந்தாது. ஃபேஸுக்கு என்ன அளவோ, அதுவே நியூட்ரலுக்கும். நான்கு ஒயரும் 10 ஸ்கொயர் எம்எம் வாங்குங்கள்.

அந்த அமெரிக்கர் அவர் ஊருக்குச் சரியாகத்தான் செய்கிறார். அங்கே வீட்டுக்கு வருவது இரண்டு 120 வோல்ட் லைன், நடுவே ஒரு நியூட்ரல். ஏசி, வாட்டர் ஹீட்டர் போன்ற பெரிய சாமான்கள் அந்த இரண்டு லைனுக்கும் இடையில் 240 வோல்ட்டில் ஓடுகின்றன. அந்தக் கரண்ட் நியூட்ரல் பக்கமே வருவதில்லை. நம் வீட்டில் ஏசியும் கீசரும் 230 வோல்ட், அதாவது ஒரு ஃபேஸும் நியூட்ரலும். த்ரீ ஃபேஸ் போர் மோட்டார் இருந்தால் அதை மட்டும் விட்டுவிடலாம். மற்றதெல்லாம் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பியாக வேண்டும்.

எலக்ட்ரீஷியன் நினைப்பது வேறு. மூன்று ஃபேஸிலும் லோடு சமமாக இருந்தால் நியூட்ரலில் கரண்ட் பூஜ்யம். கணக்கு சரிதான், ஆனால் எந்த வீட்டிலும் அப்படிச் சமமாக ஓடாது. ஆர் ஃபேஸில் 20, ஒய்யில் 10, பி-யில் 5 ஆம்பியர் என்றால் நியூட்ரலில் 13 ஓடும். ஒரு ஃபேஸில் மட்டும் 30 ஓடினால் நியூட்ரலிலும் அதே 30. இரண்டு ஃபேஸில் 30, மூன்றாவது சும்மா இருந்தாலும் 30தான். அதாவது சாதாரண லோடுகளில் நியூட்ரல், அதிகம் ஓடும் ஃபேஸைத் தாண்டாது. ஆனால் அந்த அளவைத் தொட்டுவிடும்.

பைப்புக்குள் போகும் 6 ஸ்கொயர் எம்எம் பிவிசி செம்பு ஒயர், நம் ஊர் 40 டிகிரி வெயிலில், ஒரு ஃபேஸும் நியூட்ரலும் மட்டும் சுமக்கும்போதுகூட சுமார் 36 ஆம்பியர்தான் தாங்கும். 40 ஆம்பியர் எம்சிபி அதைக் காப்பாற்றாது. ஒயரிங்குக்கான ஐஎஸ் 732 தரமும், செம்பு ஃபேஸ் ஒயர் 16 ஸ்கொயர் எம்எம் வரை இருந்தால் நியூட்ரலைக் குறைக்க இடம் கொடுப்பதில்லை.

மைத்துனர் சொல்வதிலும் விஷயம் இருக்கிறது. எல்இடி, கம்ப்யூட்டர் போன்றவை இழுக்கும் கரண்டில் மூன்றாம் ஹார்மோனிக்ஸ், அதாவது சாதாரண கரண்டைப் போல மூன்று மடங்கு வேகத்தில் துடிக்கும் கலப்புக் கரண்ட், உண்டு. அது மூன்று ஃபேஸிலிருந்தும் வந்து நியூட்ரலில் ஒன்றையொன்று அடித்துக்கொள்ளாமல் கூடிவிடும். கம்ப்யூட்டர் நிறைந்த அலுவலகத்தில் இது பெரிய தலைவலி. வீட்டில் இருபது 9 வாட் பல்பு போட்டாலும் மொத்தம் 180 வாட்தான். கீசரும் அயர்ன் பாக்ஸும் ஹார்மோனிக்ஸ் உண்டாக்குவதில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று 10 ஸ்கொயர் எம்எம்முக்கு ஹார்மோனிக்ஸ் கழிவும் போட்டுப் பார்த்தால் அது தாங்குவது 37 ஆம்பியர்தான். ஆகவே நான் மெயினில் 40 போடமாட்டேன், 32 போடுவேன். ஏசிகளை ஃபேஸுக்கு ஒன்றாகப் பிரித்துவிட்டால் உங்கள் லோடுக்கு அது தாராளம்.

அளவைவிட எனக்குக் கவலை ஜாயின்ட்தான். த்ரீ ஃபேஸ் வீட்டில் மெயின் நியூட்ரல் கழன்றால் கரண்ட் நின்றுவிடாது, வோல்டேஜ் தாறுமாறாகும். ஒரு ஃபேஸில் 2000 வாட் கீசர், இன்னொன்றில் டிவி, ஃபேன் எல்லாம் சேர்ந்து 200 வாட் என்று வையுங்கள். நியூட்ரல் விட்டுப்போனால் இரண்டும், ஃபேஸுக்கும் ஃபேஸுக்கும் இடையே உள்ள 400 வோல்ட்டுக்கு நடுவே தொடராக மாட்டிக்கொள்ளும். கீசருக்கு 40 வோல்ட்டுகூட வராது. டிவி பக்கம் 360-ஐத் தாண்டும். எந்த எம்சிபியும் இதற்கு விழாது. அதற்குத்தான் ஓவர் வோல்டேஜ் புரொடெக்டர். மெயினை அடுத்து ஒன்று வைத்துவிடுங்கள்.

வேலை நடக்கும்போது பக்கத்தில் நின்று பாருங்கள். நியூட்ரல் முனையில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) போட்டு கிரிம்ப் செய்திருக்க வேண்டும், அதாவது கருவியால் இறுக்கி நசுக்கியிருக்க வேண்டும். முறுக்கி டேப் சுற்றுவது கூடாது. அலுமினிய சர்வீஸ் ஒயரும் செம்பும் சேருமிடத்தில் பைமெட்டல் லக் வேண்டும். நியூட்ரலில் தனியாக ஃபியூஸ் இருக்கவே கூடாது. 1956ஆம் ஆண்டு மின்சார விதிகளிலேயே (விதி 32) இதற்குத் தடை இருந்தது. மெயினில் நான்கு போல் எம்சிபி என்றால் நான்கும் ஒன்றாக விழும், அதில் பிரச்சினை இல்லை.

கீழ்வீட்டின் பழைய ஒயரிங்கை அப்படியே விட்டுவிடாதீர்கள். சிங்கிள் ஃபேஸ் காலத்தில் இரண்டு மூன்று சர்க்யூட்டுக்கு ஒரே நியூட்ரல் இழுத்திருப்பார்கள். இப்போது ஃபேஸ் வாரியாகப் பிரிக்கும்போது ஒரு சர்க்யூட்டின் நியூட்ரல் இன்னொன்றின் நியூட்ரல் லிங்க்கில் (நியூட்ரல் ஒயர்கள் சேரும் பட்டை) ஏறிவிட்டால், ஃபேஸுக்கு ஒன்றாக வைத்த ஆர்சிசிபி (போகும் கரண்டும் திரும்பும் கரண்டும் ஒத்துப்போகாவிட்டால் விழும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணம் புரியாமல் விழுந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு சர்க்யூட்டுக்கும் தனி நியூட்ரல் இழுக்கச் சொல்லுங்கள்.

இணைப்பு வந்த அன்று ஒரே ஃபேஸில் இருக்கும் ஏசியையும் கீசரையும் ஓடவிட்டு, மூன்று ஃபேஸிலும் நியூட்ரலுக்கு எதிரே வோல்டேஜ் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் சரி. ஓடுகிற ஃபேஸ் 200-க்கு இறங்கி மற்றது 250-க்கு ஏறினால் மெயினை உடனே அணைத்துவிடுங்கள். நியூட்ரல் எங்கோ லூஸாக இருக்கிறது. மீட்டருக்கு இந்தப் பக்கம் எல்லாம் இறுக்கமாக இருந்தால், மின்வாரியத்துக்குச் சொல்லி போஸ்ட்டில் பார்க்க வைக்க வேண்டியதுதான்.