நியூட்ரானுக்குள் ஒரு வரவு செலவுக் கணக்கு: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

படிவம் 4 வேதியியலில் அணு அமைப்புப் பாடம் தொடங்கிவிட்டது போலிருக்கிறது. இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை நியூட்ரானைப் பற்றியவை. பிள்ளைகளோடு பெற்றோரும் எழுதியிருப்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

கேள்வி (படிவம் 4 மாணவி, செந்தூல்): நியூட்ரானுக்கு ஏன் மின்னூட்டம் இல்லை? "நியூட்ரல், அதனால் நியூட்ரான்" என்று மட்டும்தான் டியூஷனில் சொன்னார்கள்.

அது பெயர் வந்த காரணம், அம்மா. மின்னூட்டம் இல்லாததற்குக் காரணம் வேறு. அதை விடாமல் கேட்டாயே, நல்லது.

நியூட்ரானுக்குள் குவார்க் என்ற இன்னும் சிறிய துகள்கள் மூன்று: ஓர் அப் குவார்க்கும் இரண்டு டவுன் குவார்க்கும் இருக்கின்றன. அப் குவார்க்கின் மின்னூட்டம் +2/3, டவுன் குவார்க்கினுடையது -1/3. 1/3 பங்கை 1 வெள்ளி என்று வைத்து, இதை வெள்ளிக் கணக்காகப் போட்டுப் பார். ஒரு வீட்டில் மூன்று பேர். ஒருவர் கையில் 2 வெள்ளி இருக்கிறது. மற்ற இருவருக்கும் ஆளுக்கு 1 வெள்ளி கடன். வீட்டுக் கணக்கைக் கூட்டினால் பூஜ்ஜியம். அதற்காக அந்த வீட்டில் ஆளே இல்லை என்று சொல்வோமா? நியூட்ரானின் பூஜ்ஜியம் அப்படிப்பட்டது.

புரோட்டானில் இரண்டு அப், ஒரு டவுன். 2 வெள்ளிக்காரர் இருவர், கடன்காரர் ஒருவர். மிச்சம் 3 வெள்ளி, அதாவது முழுசாக +1.

இந்த மூன்றைத் தவிர, உள்ளே குவார்க்கும் அதற்கு நேரெதிர் மின்னூட்டமுள்ள எதிர்க்குவார்க்குமாக ஜோடிகள் தோன்றி மறைந்துகொண்டே இருக்கும். ஒவ்வொரு ஜோடியின் கூட்டுத்தொகையும் பூஜ்ஜியம் என்பதால் நம் கணக்கு மாறாது. குவார்க் என்ற கருத்தை 1964-இல் மரி கெல்-மான், ஜார்ஜ் ஸ்வைக் இருவரும் தனித்தனியே முன்வைத்தார்கள். சில ஆண்டுகளிலேயே ஸ்டான்ஃபோர்டில் எலக்ட்ரான்களைப் பாய்ச்சி உள்ளே துகள்கள் இருப்பதைக் கண்டார்கள்.

கேள்வி (ஒரு தந்தை, பிரிக்ஃபீல்ட்ஸ்): புரோட்டானும் எலக்ட்ரானும் ஒட்டிக்கொண்டதுதான் நியூட்ரான் என்று படித்தேன். பீட்டா சிதைவில் எலக்ட்ரான் வெளியே வருகிறதே! மகள் தவறு என்கிறாள். யார் சொல்வது சரி?

மகள் சொல்வதுதான் சரி, ஐயா. ஆனால் நீங்கள் சொன்னதை லேசாகத் தள்ளிவிட முடியாது. நியூட்ரான் கண்டுபிடிக்கப்படுவதற்கு 12 ஆண்டுகள் முன்பே, 1920-இல், அப்படி ஒரு துகள் இருக்கும் என்று சொன்ன இயற்பியலாளர் ரதர்ஃபோர்டு நினைத்ததும் இதைத்தான்.

எடை போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகும். எலக்ட்ரானின் நிறையை 1 என்று வைத்தால் புரோட்டான் 1836.15, நியூட்ரான் 1838.68. புரோட்டானையும் எலக்ட்ரானையும் கூட்டினால் 1837.15-தான் வருகிறது. இரண்டு துகள்கள் பிணைந்தால், பிணைப்பு ஆற்றல் வெளியேறி மொத்த நிறை கொஞ்சம் குறைய வேண்டும். ஹைட்ரஜன் அணுவில் அதுதான் நடக்கிறது. நியூட்ரானோ கூட்டுத்தொகையை விடக் கனமாக இருக்கிறது. ஒட்டிய பொருள் இப்படி இருக்காது.

அப்படியானால் எலக்ட்ரான் எங்கிருந்து வந்தது? உறுமியைத் தேய்த்தால் சத்தம் எழுகிறது. தோலுக்கு அடியில் யாரும் சத்தத்தை அடைத்து வைக்கவில்லை. அதேபோல எலக்ட்ரானும் சிதைவின்போதுதான் பிறக்கிறது. பீட்டா சிதைவில் ஒரு டவுன் குவார்க் அப் குவார்க்காக மாறுகிறது, நியூட்ரான் புரோட்டானாகிவிடுகிறது. நம் வீட்டில் 1 வெள்ளி கடன்காரர் 2 வெள்ளி வரவுக்காரர் ஆகிவிட்டார் என்று வையுங்கள்; கணக்கில் 3 வெள்ளி கூடிவிட்டது. இயற்கை அதை இனாமாக விடாது. அதே அளவு கடனைச் சுமந்துகொண்டு, -1 மின்னூட்டத்தோடு, எலக்ட்ரான் வெளியேறுகிறது. கூடவே எதிர்நியூட்ரினோ என்ற மின்னூட்டமில்லாத மிக லேசான துகள் ஒன்றும் போகிறது. தனியாக விட்ட நியூட்ரான் சராசரியாக 15 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாகவே தாங்கும்.

கேள்வி (கல்லூரி மாணவர், செத்தாப்பாக்): மின்னூட்டமே இல்லாததை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மோதவிட்டுத்தான், தம்பி. பெரிலியம் என்ற உலோகத்தின் மீது ஆல்பா துகள்களை (ஹீலியம் அணுக்கருக்களை) பாய்ச்சினால் மின்புலத்துக்கு வளையாத ஒரு கதிர் வந்தது. அதைப் பாரஃபின் மெழுகில் விட்டபோது புரோட்டான்கள் வேகமாகத் தெறித்தன. பாரிஸில் ஜோலியோ-கியூரி தம்பதியர் அதை ஒளியின் இனத்தைச் சேர்ந்த காமா கதிர் என்று எண்ணினார்கள். கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக், 1932-இல், தெறித்த வேகத்தைக் கணக்கிட்டு, மோதியது புரோட்டானுக்கு ஏறத்தாழ சம எடையுள்ள துகள் என்று காட்டினார். கேரம் பலகையில் ஒரு காய் இன்னொரு காயில் நேராக மோதினால் மோதியது நின்றுவிடும், மற்றது ஓடும். எடை சமமாக இருந்தால்தான் அப்படி நடக்கும். 1935-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கேள்வி (அதே மாணவர்): காந்தம் நியூட்ரானை இழுக்குமா?

திசையைப் பொறுத்து இழுக்கும், அல்லது தள்ளும்; நியூட்ரானே ஒரு குட்டிக் காந்தம். இயற்பியலாளர்கள் ஆல்வரெஸும் பிளாக்கும் 1940-இல் அந்தக் காந்தத் திறனை நேரடியாக அளந்தார்கள். கூட்டினால் பூஜ்ஜியம் என்றாலும் உள்ளே மின்னூட்டங்கள் இருக்கின்றன என்பதற்கு எனக்கு மிகப் பிடித்த சான்று இது.

கேள்வி (இல்லத்தரசி, சேராஸ்): சிலாங்கூர் பாங்கியில் அணு உலை இருக்கிறதாமே. நியூட்ரானைச் சுவர் தடுக்குமா?

இருக்கிறது, அக்கா. 1982-இல் இயங்கத் தொடங்கிய 1 மெகாவாட் ஆராய்ச்சி உலை அது. மின்சாரம் தயாரிப்பதற்கு இல்லை. மின்னூட்டம் இல்லாததால் நியூட்ரானை அணுக்கரு விலக்கித் தள்ளாது, அதனால் பொருளுக்குள் ஆழமாகப் போகும். ஈயத்தில் மோதினால், அம்மிக்கல்லில் பட்ட கோலிக்குண்டு மாதிரி வேகம் குறையாமல் திரும்பும். தண்ணீரில், ஒற்றைப் புரோட்டானையே கருவாகக் கொண்ட ஹைட்ரஜன் நிறைய இருப்பதால், சம எடைக் காய்களில் மோதி மோதித் தளர்ந்துவிடும். அந்த உலையின் மையம் தண்ணீர்த் தொட்டிக்குள்தான் இருக்கிறது, சுற்றிலும் தடித்த கான்கிரீட்.

கேள்வி (ஓய்வுபெற்ற ஆசிரியர், பத்துமலை): நியூட்ரானின் மின்னூட்டம் துல்லியமான பூஜ்ஜியம்தானா?

வலுவான மின்புலத்தின் ஊடே நியூட்ரான் கற்றையை அனுப்பிப் பார்த்தார்கள். வளைவு எதுவும் தெரியவில்லை. ஏதேனும் மின்னூட்டம் இருந்தாலும், எலக்ட்ரானுடையதை 1-க்குப் பின் 20 பூஜ்ஜியம் போட்ட எண்ணால் வகுத்தால் வருவதை விடக் குறைவாகத்தான் இருக்க முடியும்.

குவார்க்கின் மூன்றிலொரு பங்கும் எலக்ட்ரானின் முழுப் பங்கும் இவ்வளவு சரியாகப் பொருந்துவது ஏன் என்பதற்கு, ஐயா, இன்னும் உறுதியான விடை கிடைக்கவில்லை. இரண்டுக்கும் மூலம் ஒன்றே என்று சொல்லும் பெருங்கூட்டுக் கோட்பாடுகள் உண்டு. அவை சரியென்றால் புரோட்டானும் என்றாவது சிதைய வேண்டும். ஜப்பானில் நிலத்தடியில், 50,000 டன் நீர் நிரப்பிய சூப்பர் கமியோகாண்டே தொட்டி, 1996 முதல் அந்தச் சிதைவைத் தேடி வருகிறது. இதுவரை ஒன்றுகூட உறுதியாகவில்லை.